தங்கவயலின் ஆழத்தில் நியூட்ரினோ தேடல்

1965 ஆகஸ்ட் 15 ஆம் நாளிட்ட ‘பிசிக்ஸ் லெட்டர்ஸ்’ என்னும் ஆய்விதழில் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரை வெளியாயிற்று. பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக் கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக் கழகம் ஆகிய மூன்று நிறுவனங்களின் விஞ்ஞானிகள் கூட்டாக அதை எழுதியிருந்தனர். காற்று மண்டலத்தில் பிறந்து, பூமியின் பாறையைத் துளைத்து வந்த நியூட்ரினோ என்னும் நுண்துகளின் அடையாளத்தைக் கோலார் தங்கவயலில், தரைக்குக் கீழே 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கண்டுள்ளதாக அக்கட்டுரை அறிவித்தது. ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குப் பின், தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கம் ஒன்றில் ஆய்வு நடத்திய அமெரிக்க விஞ்ஞானி பிரடெரிக் ரைன்ஸின் குழு அதே வகையான முடிவை வேறோர் இதழில் வெளியிட்டது. கருவியில் முதல் அடையாளம் பதிவானது தென்னாப்பிரிக்காவில்தான். முதலில் அச்சேறியது கோலாரின் முடிவு. இயற்கையாகத் தோன்றும் நியூட்ரினோக்களை மனிதன் முதன்முறையாக அறிந்துகொண்ட அவ்வாண்டில், உலகில் இரண்டே இடங்களில் அத்தேடல் வெற்றி பெற்றது என்பதும், அவற்றுள் ஒன்று இந்தியாவில் இருந்தது என்பதும் இன்றும் பலர் அறியாத செய்திகள்.

வெற்றி பெற்ற அந்த ஆய்வுக்கூடம் இன்று இல்லை. அது எவ்வாறு தோன்றியது, எதைத் தேடியது, ஏன் மறைந்தது என்பனவற்றை அறிய, முதலில் அத்துகளின் வரலாற்றைச் சிறிது பார்க்க வேண்டும்.

கணக்கில் விழுந்த துண்டு

சில அணுக்கருக்கள் எலக்ட்ரானை வெளியேற்றி வேறு அணுக்கருக்களாக மாறுகின்றன. இதற்குப் பீட்டாச் சிதைவு என்று பெயர். சிதைவுக்கு முன்னும் பின்னும் உள்ள அணுக்கருக்களின் நிறை தெரியுமாதலால், வெளியேறும் எலக்ட்ரானுக்கு எவ்வளவு ஆற்றல் இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கணித்துவிடலாம். ஆனால் அளந்து பார்த்தபோது, பெரும்பாலான எலக்ட்ரான்கள் அந்த அளவுக்குக் குறைவான ஆற்றலுடனேயே வெளிவந்தன. அதுவும் ஒரே அளவாகக் குறையவில்லை. ஒன்றுக்குச் சற்றே குறைவு, மற்றொன்றுக்குப் பாதிக்கு மேல் குறைவு. வரவும் செலவும் ஒத்துப்போகாத பேரேட்டைப் போல இது இயற்பியலாரை அலைக்கழித்தது. அணுவின் உட்புறத்தில் ஆற்றல் அழியாமை விதியே பொருந்தாதோ என்று நீல்ஸ் போர் போன்ற மேதைகூட ஐயுற்றார்.

1930 டிசம்பரில் வுல்ப்காங் பவுலி ஒரு கடிதத்தில் வேறு வழி சொன்னார். எலக்ட்ரானுடன் கூடவே, மின்னூட்டம் இல்லாத, கருவிகளின் கண்ணில் படாத மற்றொரு துகளும் வெளியேறுகிறது. குறைந்த ஆற்றலை அதுவே எடுத்துச் செல்கிறது என்பது அவர் கருத்து. கணக்கைச் சரிக்கட்டுவதற்காகக் கண்ணுக்குத் தெரியாத ஒருவர் பெயரில் பற்று எழுதுவது போன்றதே இது. பவுலியே இதை மிகுந்த தயக்கத்துடன்தான் முன்வைத்தார். பின்னர் என்ரிகோ பெர்மி இத்துகளுக்கு நியூட்ரினோ என்ற பெயரை நிலைபெறச் செய்து, பீட்டாச் சிதைவுக்கு முழுமையான கோட்பாடு வகுத்தார். இத்தாலிய மொழியில் அச்சொல் சின்னஞ்சிறு நடுநிலைத் துகள் என்று பொருள்படும்.

கோட்பாடு வலுவாக இருந்தது, துகள்தான் அகப்படவில்லை. நியூட்ரினோ பிற பொருள்களுடன் மோதி வினை புரிவது மிக மிக அரிது. அணுக்கருச் சிதைவில் தோன்றும் நியூட்ரினோ ஒன்றைத் தடுத்து நிறுத்த வேண்டுமாயின் ஒளியாண்டுக் கணக்கில் தடிமன் கொண்ட ஈயச் சுவர் வேண்டும். ஓர் ஒளியாண்டு என்பது சுமார் 9.5 இலட்சம் கோடி கிலோமீட்டர். கதிரவனிலிருந்து வரும் நியூட்ரினோக்களுள் ஏறத்தாழ 6,500 கோடி, நம் விரல் நகத்தின் அளவுள்ள பரப்பை ஒவ்வொரு வினாடியும் கடந்து செல்கின்றன. இரவில் அவை பூமியை ஊடுருவிக் கொண்டு நம் காலடியிலிருந்து மேல் நோக்கிச் செல்கின்றன. உடலுக்கு இதனால் ஒரு தீங்கும் இல்லை. ஒரு நன்மையும் இல்லை.

ஒரு துகள் வினை புரியும் வாய்ப்பு அரிதாயின், துகள்களின் எண்ணிக்கையையும் அவற்றை எதிர்கொள்ளும் பொருளின் அளவையும் பெருக்குவதே வழி. 1956 இல் ரைன்ஸும் கிளைட் கோவனும் அமெரிக்காவின் சவான்னா ஆற்றங்கரை அணு உலையின் அருகே தம் கருவியை வைத்து, உலையிலிருந்து பெருவெள்ளமாய் வெளிப்படும் எதிர் நியூட்ரினோக்களைக் கண்டறிந்தனர். பவுலிக்குத் தந்தி பறந்தது. அவர் ஊகித்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஏன் சுரங்கம்?

உலையில் உண்டானவை மனிதன் உண்டாக்கியவை. இயற்கையில் தோன்றுவனவற்றைக் காண்பது எப்படி? விண்வெளியிலிருந்து இடைவிடாது பொழியும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தின் மேற்பகுதியில் அணுக்கருக்களுடன் மோதும்போது பையான்கள் என்னும் துகள்கள் தோன்றுகின்றன. பையான் சிதைந்து மியூவானையும் நியூட்ரினோவையும் தருகிறது. மியூவான் என்பது எலக்ட்ரானைப் போன்றதே. ஆனால் நிறை சுமார் 207 மடங்கு. இந்த மியூவான்களுள் பல தரையை எட்டுகின்றன. நீட்டிய உள்ளங்கையின் வழியே வினாடிக்கு ஒன்று அல்லது இரண்டு வீதம் அவை சென்றுகொண்டே இருக்கின்றன.

இங்கேதான் இடர்ப்பாடு. காற்று மண்டல நியூட்ரினோ எப்போதேனும் ஒரு பாறை அணுவுடன் மோதினால், அதிலிருந்து பெரும்பாலும் ஒரு மியூவான் வெளிப்படும். அந்த மியூவானைக் கண்டுதான் நியூட்ரினோ வந்ததை உணர முடியும். தரையிலோ மேலிருந்து நேராக வரும் மியூவான்கள் மழையாய்க் கொட்டுகின்றன. அடைமழையில் நின்றுகொண்டு, எவரோ ஒருவர் பக்கவாட்டிலிருந்து தெளித்த ஒரு துளியை இனம் காண்பது எங்ஙனம்? மழை படாத கூரை வேண்டும். இரண்டு மூன்று கிலோமீட்டர்ப் பாறையே அக்கூரை. மியூவான்கள் பாறையில் ஆற்றலை இழந்து நின்றுவிடும். நியூட்ரினோக்களுக்கு அப்பாறை இருப்பதும் ஒன்றே, இல்லாததும் ஒன்றே. சோவியத் விஞ்ஞானி மார்க்கோவ் உள்ளிட்ட சிலர் 1960 ஆம் ஆண்டளவில் இக்கருத்தை வெளியிட்டனர்.

இந்தியாவில் இதற்கான அடித்தளம் அதற்கு முன்பே போடப்பட்டிருந்தது. 1945 இல் டாட்டா கழகத்தை நிறுவிய டாக்டர் ஹோமி பாபா தாமே காஸ்மிக் கதிர் ஆராய்ச்சியில் புகழ் பெற்றவர். மியூவான்கள் எத்தனை ஆழம் வரை ஊடுருவும் என்பதை அளந்தறியும் பணியில் அவர் பி.வி. ஸ்ரீகண்டன் என்ற இளைஞரை ஈடுபடுத்தினார். 1951 இல் ஸ்ரீகண்டன் கருவிகளுடன் கோலார் தங்கவயலில் இறங்கினார். அன்று தொடங்கிய தொடர்பு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீடித்தது.

கோலார் தங்கவயல் அன்றைய மைசூர் மாநிலத்தில், தமிழகத்தின் வட ஆர்க்காடு மாவட்டத்துக்கு அருகே இருந்தது. 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே நவீன முறையில் தங்கம் எடுத்தது. 1902 இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் உற்பத்தியான மின்சாரம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவு கடந்து வந்து இச்சுரங்கங்களை இயக்கியது. ஆசியாவின் மின்சார வரலாற்றில் அது ஒரு மைல்கல். வட ஆர்க்காட்டிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் குடிபெயர்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே உழைத்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். மலையின் பாரத்தால் பாறை திடீரென வெடித்துச் சிதறும் அபாயம் எப்போதும் உண்டு; அதற்கு உயிரிழந்த தொழிலாளர் பலர்.

விஞ்ஞானிகளுக்கு இச்சுரங்கத்தில் வாய்த்தது ஆழம் மட்டுமன்று. கோலார்ப் பாறை சாதாரணப் பாறையைவிட அடர்த்தி மிக்கது. 2.3 கிலோமீட்டர்ப் பாறை, சுமார் 7,000 மீட்டர் ஆழ நீருக்கு ஈடான காப்பை அளித்தது. மேலும், வெவ்வேறு ஆழங்களில் கிடைமட்டச் சுரங்க வழிகள் ஏற்கனவே வெட்டப்பட்டு, காற்றோட்டமும் மின்சாரமும் மின்தூக்கிக் கூண்டும் தயாராக இருந்தன. விஞ்ஞான ஆராய்ச்சிக்கென்று இத்தகைய பள்ளத்தை வெட்ட எந்த நாட்டு அரசும் அன்று பணம் ஒதுக்கியிராது. தங்கத்துக்காக வெட்டிய பள்ளம் ஆராய்ச்சிக்கு ஏறக்குறைய இலவசமாகக் கிடைத்தது. பிற்காலத்தில் நேர்ந்த இழப்புக்கும் இதுவே காரணமாயிற்று.

பூஜ்யத்தில் கிடைத்த பரிசு

1960களின் தொடக்கத்தில் டாட்டா கழக விஞ்ஞானிகளும் ஜப்பானின் எஸ். மியாகேயும் பல ஆழங்களில் மியூவான்களை எண்ணினர். ஆழம் கூடக்கூட எண்ணிக்கை வேகமாகச் சரிந்தது. 2,760 மீட்டர் ஆழத்தில் சுமார் இரண்டு மாதங்கள் கருவியை இயக்கியும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. அளப்பதற்குச் சென்று அளப்பதற்கு ஒன்றுமில்லாமல் திரும்புவது சாதாரணமாக ஏமாற்றம் தரும் முடிவு. ஆனால் இவர்கள் அதை வேறு விதமாகப் படித்தனர். மழை நின்ற இடம் இதுவே. இனி இங்கே ஒரு துளி விழுந்தால் அது மேகத்திலிருந்து வந்ததன்று என்று துணிந்து சொல்லலாம். நியூட்ரினோத் தேடலுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அரிது என்பதை அந்தப் பூஜ்யம் உணர்த்தியது.

எம்.ஜி.கே. மேனன், ஸ்ரீகண்டன், பி.வி. ரமணமூர்த்தி, வி.எஸ். நரசிம்மம் முதலியோர் டாட்டா கழகத்தின் சார்பிலும், மியாகே ஒசாகாவின் சார்பிலும், ஆர்னால்டு வுல்பெண்டேல் டர்ஹாமின் சார்பிலும் இம்முயற்சியில் இணைந்தனர். கருவியின் அமைப்பு எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. துகள் பாய்ந்தால் ஒளிரும் பிளாஸ்டிக் பலகைகளைச் சுவர்களாக எதிரெதிரே நிறுத்தினர். இரு சுவர்களும் ஒரே கணத்தில் ஒளிர்ந்தால், ஒரு துகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் குறுக்கே சென்றிருக்க வேண்டும். இடையில் அடுக்கிய நியான் குழாய்கள் அத்துகளின் தடத்தைப் பளிச்சிட்டுக் காட்டும். புகைப்படக் கருவி அதைப் பதிவு செய்யும்.

சுவர்களைப் பக்கவாட்டில் நிறுத்தியதில்தான் சூட்சுமம் இருந்தது. இவ்வளவு ஆழத்திலும் நேர் மேலிருந்து எப்போதேனும் ஒரு மியூவான் வந்துவிடக் கூடும். ஆனால் செங்குத்துக் கோட்டுக்கு 60 பாகை சாய்வில் வரும் துகள் கடக்க வேண்டிய பாறை இரு மடங்காகிறது. மேலும் சாய்ந்தால் பாறையின் நீளம் மேலும் பெருகிக்கொண்டே போகும். எந்த மியூவானும் அத்தனைப் பாறையைத் தாண்டி வர இயலாது. ஆகவே ஏறக்குறையக் கிடைமட்டமாக வரும் மியூவான் அருகிலுள்ள பாறைக்குள்ளேயே பிறந்திருக்க வேண்டும்; அதைப் பிறப்பித்தது நியூட்ரினோவாக மட்டுமே இருக்க முடியும். 1965 இல் பதிவான தடங்கள் அத்தகையவை.

பின்னர்க் கருவிகள் ஏழாகப் பெருகின. மியூவானின் மின்னூட்டத்தையும் உந்தத்தையும் அறியக் காந்தங்களும் சேர்க்கப்பட்டன. ஆயினும் ஆண்டுக்குக் கிடைத்த நியூட்ரினோ நிகழ்ச்சிகள் விரல்விட்டு எண்ணத் தக்கவையே. வாரக்கணக்கில் ஒன்றும் நிகழாத இருட்டுக் குகையில், கருவி பழுதின்றி இயங்குகிறதா என்று நாள்தோறும் சோதித்துக்கொண்டிருப்பதுதான் பணியின் பெரும்பகுதி. ஒன்றும் வரவில்லை என்பதற்கும், வந்ததைக் கருவி தவறவிட்டது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மெய்ப்பிப்பதே இத்துறையில் கடினமான வேலை.

இதே கருவிகளில் சில விந்தையான தடங்களும் தென்பட்டன. பாறையிலிருந்து அன்றி, கருவிக்குள்ளிருந்த காற்றிலோ மெல்லிய பொருளிலோ ஒரு புள்ளியிலிருந்து பல துகள்கள் பிரிந்து செல்வது போல அவை காணப்பட்டன. புதியதொரு துகள் சற்று நேரம் வாழ்ந்து சிதைந்ததன் அடையாளமாக இவை இருக்கலாம் என 1975 இல் இக்குழு அறிவித்தது. ‘கோலார் நிகழ்ச்சிகள்’ என்ற பெயரில் இவை உலகெங்கும் பேசப்பட்டன. ஆனால் துகள் முடுக்கிகளில் நடத்திய தேடல்கள் இதற்கு ஆதாரம் தரவில்லை. ஐந்தாறு தடங்களைக் கொண்டு ஒரு புதிய துகளை நிலைநாட்ட முடியாது; அவற்றைப் பொய் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அப்புதிர் இன்றுவரை அப்படியே நிற்கிறது.

புரோட்டானுக்கு ஆயுள் உண்டா?

1970களில் இயற்பியலில் ஒரு பெரிய கேள்வி எழுந்தது. அணுக்கருவின் உறுப்பான புரோட்டான் என்றென்றும் அழியாதது என்றே அதுவரை கருதி வந்தனர். இயற்கையின் விசைகளை ஒன்றிணைக்க முயன்ற புதிய கோட்பாடுகளோ, புரோட்டானும் ஒரு காலத்தில் சிதையும் என்றன. அதன் சராசரி ஆயுள் ஒன்றின் பின் 29 முதல் 31 பூஜ்யங்கள் இட்ட எண்ணிக்கையிலான ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதோ சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான். இவ்வளவு காலம் யார் காத்திருப்பது?

காத்திருக்கத் தேவையில்லை. ஒரு புரோட்டானை அத்தனை ஆண்டுகள் பார்ப்பதற்குப் பதில், அத்தனை புரோட்டான்களை ஓர் ஆண்டு பார்த்தால் போதும். ஒரு டன் இரும்பில் உள்ள புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்து 6 என்ற எண்ணின் பின் 29 பூஜ்யங்கள் இட்ட அளவாகும். 140 டன் இரும்பை எடுத்துக்கொண்டு, ஆயுள் 31 பூஜ்யங்கள் கொண்டது என வைத்துக் கணக்கிட்டால், ஆண்டுக்கு எட்டுச் சிதைவுகள் நிகழ வேண்டும்.

140 டன் என்பது எடுத்துக்காட்டுக்காகச் சொன்ன எண்ணன்று. 1980 இறுதியில் அதே 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் இந்திய, ஜப்பானிய விஞ்ஞானிகள் நிறுவிய கருவியின் எடை அது. புரோட்டான் சிதைவைக் காண்பதற்கென்றே அமைக்கப்பட்ட கருவிகளுள் உலகிலேயே முதலில் இயங்கத் தொடங்கியது இதுதான். பத்து சென்டிமீட்டர்ச் சதுர வாய் கொண்ட இரும்புக் குழல்களில் வாயுவை நிரப்பி, ஒவ்வொன்றின் நடுவிலும் கம்பியை இழுத்து, சுமார் 1,600 குழல்களை 34 அடுக்குகளாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினர். கண்காணிக்கப்படும் இரும்பும் கண்காணிக்கும் கருவியும் இங்கே ஒன்றே. இவை அனைத்தும் சுரங்கக் கூண்டின் வழியே பகுதி பகுதியாக இறங்கின. மேலிருந்து வந்து இக்கருவியைத் தொட்ட மியூவான்கள் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு என்ற அளவிலேயே இருந்தன.

இரண்டு ஆண்டுகளுக்குள் கருவிக்குள்ளேயே தொடங்கி உள்ளேயே முடிந்த சில நிகழ்ச்சிகள் பதிவாயின. புரோட்டான் சிதைவாக இருக்கலாம் எனக் குழுவினர் அவற்றை வெளியிட்டு, 7 என்ற எண்ணின் பின் 30 பூஜ்யங்கள் கொண்ட ஆயுளை மதிப்பிட்டனர். மெய்யாயின் நூற்றாண்டின் மாபெரும் கண்டுபிடிப்பு. ஆனால் கருவிக்குள் வினை புரியும் நியூட்ரினோவும் சில வேளைகளில் அதே தோற்றத்தைத் தரும். கோலாரின் எடையைப் போல் பல மடங்கு நீரைக் கொண்ட கருவிகள் அமெரிக்காவில் ஒஹையோ மாநில உப்புச் சுரங்கத்திலும் ஜப்பானின் கமியோக்காச் சுரங்கத்திலும் விரைவில் இயங்கத் தொடங்கின. கோலார் மதிப்பீடு சரியாயின் அவற்றில் ஏராளமான சிதைவுகள் தென்பட்டிருக்க வேண்டும், ஒன்றும் தென்படவில்லை. 1980களின் நடுவில் 260 டன் எடையுள்ள இரண்டாவது கருவி சற்று மேலே, சுமார் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் அமைக்கப்பட்டது. அதுவும் வழக்கைத் தீர்த்துவிடவில்லை. இன்று 50,000 டன் நீர் கொண்ட சூப்பர் கமியோக்காண்டே கருவியின் முடிவுகள்படி, புரோட்டான் பாசிட்ரானாகவும் பையானாகவும் சிதைவதாயின் அதன் ஆயுள் 34 பூஜ்யங்கள் கொண்ட ஆண்டுகளுக்கும் மேற்பட்டதாகவே இருக்க வேண்டும். அது சிதைவதை எவரும் கண்டதில்லை.

கமியோக்காவின் கதை கோலாருக்கு ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கது. அதுவும் புரோட்டான் சிதைவைத் தேடி அமைத்ததே. அதைக் காணாவிட்டாலும், 1987 பிப்ரவரியில் அண்டை விண்மீன் மண்டலத்தில் வெடித்த விண்மீன் ஒன்றிலிருந்து வந்த நியூட்ரினோக்களை அது பதிவு செய்தது. அதன் வழித்தோன்றலான சூப்பர் கமியோக்காண்டே, காற்று மண்டல நியூட்ரினோக்கள் செல்லும் வழியில் ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாறுகின்றன என்பதை 1998 இல் நிறுவியது. கதிரவனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கே இருப்பதாக, ரேமண்ட் டேவிஸ் அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில் 1960களின் இறுதி முதல் கண்டுவந்த புதிருக்கும், கனடாவின் சட்பரி ஆய்வுக்கூடம் 2001-02 இல் இதே விடையைத் தந்தது. நியூட்ரினோக்கள் உருமாற வேண்டுமானால் அவற்றுக்கு நிறை இருக்க வேண்டும். 2015 ஆம் ஆண்டின் நோபல் பரிசு இதற்கே வழங்கப்பட்டது. கோலாரில் 1965 இல் தடம் பதித்தவை இதே காற்று மண்டல நியூட்ரினோக்கள்தாம். அங்கே எண்ணிக்கை போதவில்லை.

மூடிய வாயில்

எண்ணிக்கையைப் பெருக்கப் பெரிய கருவி வேண்டும். பெரிய கருவிக்குப் பெரிய குகை வேண்டும். குகைக்கோ சுரங்கம் உயிரோடு இருக்க வேண்டும். கோலாரில் தங்கத்தின் அளவு குறைந்துகொண்டே வந்தது. ஒரு கிராம் எடுக்க ஆகும் செலவு அதன் விலையை மிஞ்சிற்று. ஆழமான பகுதிகளில் நீர் இறைப்பதும் காற்றோட்டம் அளிப்பதும் கட்டுப்படியாகவில்லை. சுரங்கங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்ட நிலையில், 1990களின் தொடக்கத்தில் ஆராய்ச்சியும் நின்றது. 2001 பிப்ரவரி இறுதியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. பலர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று வேலை தேட வேண்டியதாயிற்று. அந்த இழப்போடு ஒப்பிடும்போது ஓர் ஆய்வுக்கூடத்தின் இழப்பு சிறிதுதான். எனினும் ஒரு சுரங்கத்தின் இலாப நட்டக் கணக்கையே நம்பி ஒரு நாட்டின் அடிப்படை ஆராய்ச்சி நாற்பது ஆண்டுகள் நடந்தது என்பதும், அந்த ஆழத்தைக் காப்பதற்குத் தனியே வழி காணப்படவில்லை என்பதும் எண்ணிப் பார்க்க வேண்டியவை. இத்தாலி 1980களில் கிரான் சாஸ்ஸோ மலையின் நெடுஞ்சாலைச் சுரங்கத்தை ஒட்டி ஆராய்ச்சிக்கென்றே குகைகளை வெட்டிக்கொண்டது.

கோலாரில் பயின்றவர்களும் அவர்களிடம் பயின்றவர்களும் புதிய இடம் தேடினர். இந்திய நியூட்ரினோ ஆய்வுக்கூடம் என்ற திட்டம் உருவாயிற்று. செங்குத்தாக இறங்குவதற்குப் பதில், மலையின் அடிவாரத்திலிருந்து கிடைமட்டமாகச் சுமார் இரண்டு கிலோமீட்டர் குடைந்து சென்றால், தலைக்கு மேல் எல்லாப் புறமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை கிடைக்கும். 50,000 டன் இரும்பைக் காந்தமாக்கித் தகடு தகடாக அடுக்கி, இடையே உணர்கருவிகளைச் செருகுவது திட்டம். காந்தப் புலத்தில் மியூவான் எந்தப் பக்கம் வளைகிறது என்பதிலிருந்து, வந்தது நியூட்ரினோவா எதிர் நியூட்ரினோவா என்று பிரித்தறியலாம். பூமியை ஊடுருவி வரும் இவ்விரண்டின் நடத்தையில் உள்ள வேறுபாடு, மூவகை நியூட்ரினோக்களின் நிறைகளுள் எது பெரிது எது சிறிது என்ற வரிசையைக் காட்டிக் கொடுக்கும். அவ்வரிசை திட்டம் வகுத்த நாளில் எவருக்கும் தெரியாதிருந்தது.

முதலில் தெரிவு செய்த இடம் நீலகிரியின் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்தின் அருகில் இருந்தமையால் 2009 இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. அடுத்துத் தேனி மாவட்டம் பொட்டிபுரத்தை ஒட்டிய போடி மேற்கு மலை தெரிவாயிற்று. சுமார் 1,500 கோடி ரூபாய்ச் செலவுக்கு மத்திய அரசின் ஒப்புதலும் கிட்டியது. ஆனால் ஊரில் எதிர்ப்பு வலுத்தது. நியூட்ரினோவால் கதிரியக்கம் பரவும் என்ற அச்சத்துக்கு அறிவியலில் இடமில்லை. அத்துகள்கள் ஆய்வுக்கூடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவ்வூர் வழியே சென்றுகொண்டுதான் இருக்கும். ஆயின் மலையைக் குடையும் வெடி, பல இலட்சம் டன் கல், நிலத்தடி நீர், மேய்ச்சல் நிலம், மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டு வழித்தடம் ஆகியவை பற்றிய கேள்விகள் அத்தகையவை அல்ல. அவை நியூட்ரினோவைப் பற்றிய கேள்விகளே அல்ல; மலையைப் பற்றியவை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, ஒரு தரப்பார் அனைத்தையும் அறியாமை என்றும் மறு தரப்பார் அனைத்தையும் ஆபத்து என்றும் பேசியதில் பல ஆண்டுகள் கழிந்தன. 2017 இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018 இல் அனுமதி மீண்டும் வழங்கப்பட்டது. மதிகெட்டான்சோலை தேசியப் பூங்கா அருகில் இருப்பதால் தேசிய வனவுயிர் வாரியத்தின் இசைவும் வேண்டும் என்று தீர்ப்பாயம் கூறியது. மதிகெட்டானுக்கும் பெரியாற்றுக்கும் இடையே புலிகள் நடமாடும் வழித்தடம் இம்மலையில் உள்ளது என்பதைக் காட்டி, அனுமதி தர இயலாது என 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

இதற்கிடையில் அதே நிறை வரிசையைத் தேடும் பணியில் பிற நாடுகள் முந்திக்கொண்டன. சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் 700 மீட்டர் ஆழத்தில், 20,000 டன் ஒளிர்திரவம் கொண்ட ஜூனோ ஆய்வுக்கூடம் 2025 ஆகஸ்டில் தரவுகளைத் திரட்டத் தொடங்கியது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இன்னும் பெரிய கருவிகளுக்கான குகைகள் வெட்டப்பட்டன.

போடி மலைக்கென வகுத்த கருவியின் சிறு மாதிரி ஒன்று மதுரையில் 2018 முதல் இயக்கப்பட்டது. 85 டன் இரும்பு, பதினொரு தகடுகள். தரைமட்டத்தில் இருப்பதால் அதில் பதிபவை ஏறத்தாழ எல்லாம் வானிலிருந்து விழும் மியூவான்களே. நியூட்ரினோவைத் தனித்தறிய அங்கே கூரை இல்லை. கூரை இருந்த கோலார்ச் சுரங்கத்தில், இறைப்பான்கள் நின்ற நாள் முதல் நீர் ஏறி, 1965 இல் கருவிகள் நின்ற அறைகளை மூழ்கடித்துவிட்டது.